முதலாளியைத் தள்ளிக் குந்தச் சொன்னவர்

சம்பளம் வாங்கிக்கொண்டே முதலாளியைத் திட்டுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. அதெல்லாம் டீக்கடையோடு சரி. முதலாளியின் முகத்துக்கு நேராக, அவருடைய சொந்தக் கம்பெனிக் கூட்டத்தில், புனேக்காரர்களும் கோயம்புத்தூர்க்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, “சார், கொஞ்சம் தள்ளிக் குந்துங்க, ஆளு நிக்கிது” என்று சொன்ன மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்த பாவி நான்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் தள்ளிக்குந்து. “தள்ளிக்குந்து வந்தாச்சா?” என்றுதான் மேனேஜரே கேட்பார். அவர் போனை எடுத்தாலும், “ஆங், தள்ளிக்குந்து பேசறேன், சொல்லு” என்பார். இதில் அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது. பொதுவாகவே கூச்சம் என்ற சாமான் அவரிடம் இல்லை. அவர் பங்கையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஓட்டலில் சாம்பார் இரண்டாம் முறை கேட்பதற்கே காது சிவந்துபோகிற ஆள் நான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்களுடையது வால்வு செய்கிற கம்பெனி. இரும்பை உருக்கி அச்சில் ஊற்றி, கடைந்து, கப்பலுக்கும் எண்ணெய்க் குழாய்க்கும் அனுப்புவார்கள். தள்ளிக்குந்து அங்கே டிரான்ஸ்போர்ட் செக்ஷனில் இருந்தார். ஸ்டாஃப் பஸ்ஸில் யாருக்கு எந்த இடம் என்று ஒதுக்குகிற வேலை. கழுத்தில் ஒரு விசில். பஸ்ஸில் இடமில்லை என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. மூன்று பேர் உட்காருகிற பெஞ்சில் நான்கு பேர் என்பது அவர் சட்டம். ஊத்துக்கோட்டை ரூட்டில் எவனாவது ரோட்டோரம் நின்று கையைக் காட்டினால் போதும், வண்டி நிற்கும், விசில் கேட்கும், “தள்ளிக் குந்துபா, தள்ளிக் குந்து!” என்று அவர் உள்ளே வருவார். நிற்கிறவன் நம் கம்பெனி ஆளா என்று விசாரிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பக்கத்துக் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் எங்கள் பஸ்ஸிலேயே வந்துபோய் ரிட்டயரும் ஆனார்கள். ஒருமுறை பெரியபாளையத்துக்கு வாசிக்கப் போகிற நாதஸ்வரக்காரர் ஒருவரை ஏற்றிவிட்டார். மனிதர் உட்கார்ந்துவிட்டார், நாதஸ்வரத்துக்குத்தான் இடம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டே வந்தார். எதிரே வந்த லாரிகள் எல்லாம் ஒதுங்கிப் போயின.

இரண்டாயிரங்களின் கடைசியில் எங்கள் முதலாளி, அதாவது எம்.டி., வீடியோ கான்ஃபரன்ஸ் மெஷின் ஒன்று வாங்கினார். சென்னை ஹெட் ஆபீஸ், புனே தொழிற்சாலை, கோயம்புத்தூர் விற்பனை ஆபீஸ் எல்லாரும் ஒரே திரையில் முகம் பார்த்துப் பேசலாம். எல்லாருடைய படத்தையும் வாங்கிக் கலந்து திருப்பி அனுப்புகிற அந்த நடு மெஷினை ஹெட் ஆபீஸில்தான் வைத்திருக்க வேண்டும். ஆனால் அது வாடகைக் கட்டடம், எங்களிடம்தான் பெரிய ஜெனரேட்டர் இருந்தது. ஆகவே மெஷின் கும்மிடிப்பூண்டிக்கு வந்தது. யாருக்கு எவ்வளவு இடம் என்று ஒதுக்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். எங்கள் பெர்சனல் மேனேஜர் யோசித்து, ஒதுக்கீட்டில் முன் அனுபவம் உள்ள ஒரே ஆள் என்று தள்ளிக்குந்துவை அனுப்பி வைத்தார். ஒயர் வேலைக்கு கம்ப்யூட்டர் செக்ஷனிலிருந்து நான்.

முதல் நாள் நான் விளக்கினேன். இதற்குள்ளே நாலு கார்டு இருக்கிறது, சாதாரணப் படமாக வந்தால் ஒரு கார்டில் நாலு பேர் வரலாம், எச்.டி. என்று பளிச்சென்ற படமாக வந்தால் ஒரு ஆளே முழுக் கார்டையும் பிடித்துக்கொள்வார், வெறும் போனில் பேசுகிறவருக்கு இடமே வேண்டாம் என்று.

“அவ்ளோதானே?” என்றார். “நாலு பெஞ்சி. பெஞ்சிக்கு நாலு பேரு. எச்.டி.ன்றவன் கால நீட்டிப் படுத்துக்கினு வர்றவன். போன்ல வர்றவன் ஃபுட்போர்டு.”

அதற்கு மேல் அந்த மெஷினைப் பற்றி அவர் எதையும் தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் சொன்னபோதெல்லாம் நாஷ்டா சாப்பிடப் போய்விட்டார். இடம் நிரம்பினால் வருகிறவரை மெஷினே “பிறகு முயலவும்” என்று திருப்பி அனுப்புகிற வசதி ஒன்று அதில் இருந்தது. அதை மட்டும் என்னைக் கேட்டு, தேடிக் கண்டுபிடித்து, நிறுத்தினார்.

கூட்டம் தொடங்குவதற்கு விசில் அடித்தார். மைக் பக்கத்தில். புனே மேனேஜர் டீயை மடியில் கொட்டிக்கொண்டதை எல்லா ஊரிலும் பார்த்தார்கள். நான் மேஜைக்குக் கீழே ஒயர் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அந்த மூன்று வருஷத்தில் மேஜைக்குக் கீழே நான் தேடிய ஒயரை எல்லாம் முடிச்சுப் போட்டால் திருவள்ளூர் வரை வரும்.

ஆளுக்கொரு பெஞ்சில் ஒண்டி ஒண்டியாக உட்கார்ந்திருந்தால் எச்.டி. ஆளுக்கு முழுப் பெஞ்சு கிடைக்காது. அப்போது சிதறி இருக்கிறவர்களை ஒரு பெஞ்சுக்கு மாற்ற வேண்டும். லைனைத் துண்டித்து மறுபடி கூப்பிட்டால்தான் மாற்ற முடியும். கோயம்புத்தூர்க்காரர் ஒருநாள், “இந்த வருஷம் நம்முடைய விற்பனை...” என்று கையை உயர்த்தினார். கை உயர்ந்தபடியே காணாமல் போனார். கொஞ்ச நேரம் கழித்துத் திரையின் இன்னொரு மூலையில் முளைத்தார்.

“வந்துட்டியா சார்? அங்க உன் மேல வெயிலு. இந்த ஓரம் நல்லாருக்கும், குந்து” என்றார் தள்ளிக்குந்து.

வெளியூர்க்காரர்களைத் தள்ளினாலும் கொஞ்சுவதுபோலத்தான் தள்ளுவார். என்னிடம் அந்தக் கொஞ்சல் எல்லாம் கிடையாது. ஹெட் ஆபீஸுக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டுவிட்டு, தலையைப் படிய வாரி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஒருநாள் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தேன். எனக்கு மாற்றல் கொடுக்க வேண்டிய மேடம் திரையில் இருந்தார். மைக் திறந்திருந்தது.

“டேய், உன் டிபன் டப்பாவ எட்றா அந்தாண்ட! இன்னாடா இது, கருவாடா? மிசினுக்கே மூக்கு எரியும் போலக்குது!”

மேடம் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். சென்னையில் இருக்கிறவருக்கு கும்மிடிப்பூண்டி கருவாடு எப்படி மணக்கும்? ஆனாலும் வைத்துக்கொண்டார். மாற்றல் வரவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் இப்படித்தான். யாராவது பார்க்க வந்தால் என் நாற்காலியைத்தான் பிடுங்கிப் போடுவார். நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, இவருடன் எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன்.

எம்.டி. சமாசாரம் இதற்கெல்லாம் சிகரம். அவர் ஒரு முழுப் பெஞ்சில் பளபளவென்று உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். கணக்குப் பிரிவிலிருந்து யாரோ உள்ளே வரக் கூப்பிடுகிறார்கள், இடமில்லை. அப்போதுதான் தள்ளிக்குந்து அந்தத் ‘தள்ளிக் குந்துங்க’ வாசகத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் எம்.டி.யை எச்.டி.யிலிருந்து சாதாரணத்துக்கு இறக்கினார். எம்.டி.யின் முகம் தண்ணீர் பட்ட சுண்ணாம்பு மாதிரிக் குழைந்துபோனது. நான் மறுபடியும் ஒயர் தேடக் குனிந்தேன். ஆனால் எம்.டி. விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். மங்கலாகத் தெரிந்தால் பத்து வயது குறைந்து தெரிகிறது என்று அவர் வீட்டம்மா சொன்னதாக அப்புறம் ஒரு வதந்தி உலவியது.

இவ்வளவு பேருக்கு இடம் கொடுத்தவர், எங்கள் தொழிற்சாலையை மட்டும் எப்போதும் கடைசியில்தான் வைப்பார். எல்லாரும் உட்கார்ந்த பிறகு மிச்சம் இருக்கிற கால் பெஞ்சில் கும்மிடிப்பூண்டி. நாங்கள் மற்ற ஊர்களுக்குக் கரி அப்பின நிழலாகத் தெரிந்தோம். ஹெட் ஆபீஸில் எங்களை “மூட்டம்” என்று கூப்பிட்டதாகக் கேள்விப்பட்டு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இதை நேராகப் போய்க் கேட்டவர் மெர்சி மேடம். எங்கள் தர ஆய்வுப் பிரிவின் தலைவர். திருவாலங்காட்டுப் பக்கம். அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் மேடம்தான். “ஏண்ணா, நாங்க மனுசங்களாவே தெரியலியேண்ணா” என்றார். தள்ளிக்குந்து சிரித்தபடி அவருக்கு டீ சொன்னார். எனக்குச் சொல்லவில்லை.

அந்த மெர்சி மேடத்துக்குத்தான் ஒரு நாள் ஆபத்து வந்தது. ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டிய வால்வுகள் துறைமுகத்தில் பெட்டியோடு நின்றன. அனுப்பிய போட்டோவில் சிலவற்றின் உடம்பில் கோடு இருக்கிறது, விரிசலாக இருந்தால் மொத்தமும் வேண்டாம் என்றுவிட்டார் அங்கிருந்து வாங்குகிறவர். அது விரிசல் இல்லை, அச்சு சேருகிற இடத்தில் மேலாக விழுகிற தழும்பு, அரத்தால் தேய்த்தால் போய்விடும் என்றார் மேடம். சரக்கு சரி என்று கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். எம்.டி. சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: “வீடியோவில் அவருக்கே காட்டுங்கள். சரக்கு திரும்பி வந்தால் அந்த நாற்காலியில் நீங்கள் இருக்க வேண்டாம்.”

இதற்காகவே எங்களுக்கு ஒரு புது எச்.டி. கேமரா வந்தது. மேடம் துறைமுகத்திலிருந்து எடுத்துவந்த வால்வுகளில் ஒன்றை மேஜையில் வைத்து, விளக்கைத் திருப்பி, அரத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, நாங்கள் இருந்த கண்ட்ரோல் ரூமுக்கு வந்தார்.

“அண்ணா, இன்னிக்கி ஒரு நாளு எனக்கு முழு பெஞ்சி வேணும். கோடு அவருக்கு முடி மாதிரி தெரியணும். இல்லன்னா என் கத முடிஞ்சிது.”

“குட்த்துட்டம்மா. போய் தெகிரியமா குந்து.”

கொடுக்கவும் செய்தார். ஹெட் ஆபீஸில் எம்.டி. ஒரு பெஞ்சு, புனே ஒரு பெஞ்சு, ஜெர்மன்காரர் ஒரு பெஞ்சு, மெர்சி மேடம் ஒரு பெஞ்சு. பஸ் நிறைந்தது. ஜெர்மன்காரர் வெள்ளைத் தாடி வைத்த பெரியவர். நன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் வால்வைத் திருப்பிக் காட்டத் தொடங்கினார். எல்லாம் ஒழுங்காக நடக்கிறதே என்று நான் மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

மெஷினில் சிவப்பு விளக்கு மினுக்கியது. காட்டுப்பள்ளியில் கப்பல் தளம் கட்டுகிற இடத்தில் எங்களுக்கு ஒரு சைட் ஆபீஸ் இருந்தது. அங்கிருந்த இன்ஜினீயர், என்ன முடிவாகிறது என்று பார்க்க லேப்டாப்பிலிருந்து கூப்பிடுகிறார். அவர் போதாது என்று கோயம்புத்தூர். தள்ளிக்குந்து நெளிந்தார்.

“வாணாம்ணா. இடம் இல்லன்னு சொல்லிடுங்க” என்றேன்.

“இன்னாடா பேசற? ரெண்டு பேரு நின்னுக்கினு கீறான். பாத்துக்கினே போவச் சொல்றியா?”

“யார எறக்குவீங்க? எம்.டி.யவா?”

“வந்தவங்கள யாராவது எறக்குவாங்களா? நம்ம ஊட்டு ஆளு இருக்க சொல்லோ?” என்றபடி பட்டனை அழுத்தினார்.

அவர் இறக்கியது மெர்சி மேடத்தை. முழுப் பெஞ்சு கால் பெஞ்சு ஆனது. காட்டுப்பள்ளியும் கோயம்புத்தூரும் சந்தோஷமாக வந்து உட்கார்ந்தார்கள். திரையில் வால்வு வெல்லக்கட்டியாக மாறியது. கோடும் இல்லை, தழும்பும் இல்லை.

ஜெர்மன்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “எனக்கு ஒன்றும் தெரியவில்லையே?” என்றார் இங்கிலீஷில். எதையாவது மறைக்கிறார்களோ என்ற சந்தேகம் அந்தக் குரலில் இருந்தது. மேடம் அரத்தைக் கையில் பிடித்தபடி கேமராவைப் பார்த்து, “அண்ணா!” என்று தமிழில் கத்தினார். அந்த ஒரு வார்த்தையில் தள்ளிக்குந்துவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவருடைய பவுடர் போட்ட முகத்தில் வேர்வை கோடு கோடாக இறங்கியது.

“அந்த ரெண்டு பேர எறக்குங்கண்ணா!” என்றேன்.

“ஏத்திக்கினவன எப்டிடா எறக்கறது?” என்றார். பிறகு மைக்கைத் திறந்தார். விசில் அடிக்கவில்லை.

“சார், எல்லாருக்கும் வணக்கம். நம்ம பொண்ணுக்கு எடம் போதல. யாராவது பெரிய மனசு பண்ணி எறங்கிக்கினா புண்ணியமா போவும்.”

எம்.டி. புனேயைப் பார்த்தார். புனே மேனேஜர் மேஜையில் இருந்த ஃபைலைத் திறந்து ரொம்ப முக்கியமாக எதையோ படிக்கத் தொடங்கினார். கோயம்புத்தூர் கூரையைப் பார்த்தது. காட்டுப்பள்ளி இன்ஜினீயருக்குச் சிக்கல் என்னவென்றே தெரியாமல் கேமராவுக்குக் கை ஆட்டினார். யாரும் இறங்கவில்லை. ஜெர்மனியிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் எல்லாரும் இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த அசிங்கத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

“என்ன சொல்கிறார் அவர்?” என்று கேட்டார் ஜெர்மன்காரர்.

“சின்ன டெக்னிக்கல் பிரச்சினை” என்றார் எம்.டி.

மெர்சி மேடம் உள்ளதைச் சொல்லிவிட்டார். “இடம் போதவில்லை சார். யாராவது ஒருவர் இறங்கினால் உங்களுக்குத் தெளிவாகக் காட்டுவேன்.”

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். “அப்படியா? உங்களுக்கு நெருக்கடியாக இருக்கிறது போல. நான் இறங்கிக்கொள்கிறேன். இன்னொரு நாள் பார்க்கலாம்” என்று சொல்லிக் காகிதங்களை அடுக்கினார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார். திரையில் அவர் முகம் போய் கோட்டுப் பொத்தான்கள் மட்டும் தெரிந்தன.

இன்னொரு நாள் என்றால் கப்பல் போய்விடும். சரக்கு போய்விடும். மேடம் போய்விடுவார். எனக்கு அது தெரியும், எம்.டி.க்கும் தெரியும். ஆனால் அவரை அப்போது உசுப்பியது கணக்கு இல்லை, மானம்தான் என்று நினைக்கிறேன். வந்தவர் எழுந்து நிற்கிறார், வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். “நோ, நோ! ப்ளீஸ் உட்காருங்கள்!” என்று கத்திக்கொண்டே எம்.டி. தன் ரிமோட்டைத் தேடினார். அடுத்த நொடி அவர் பெட்டி கறுப்பானது. உடனே புனே கறுப்பானது. கோயம்புத்தூர் போனது. காட்டுப்பள்ளி கை ஆட்டியபடியே போனது. ஒரு ஆள் இறங்கினால் போதும் என்றிருக்க, பஸ் மொத்தமும் காலி. ஒருத்தருக்கொருத்தர் முந்திக்கொண்டு வெட்கப்பட்டார்கள்.

நான்தான் மேடத்தின் படத்தைப் பெரிதாக்கினேன். பெரியவர் மறுபடி உட்கார்ந்தார். திரையில் இரண்டே பேர். மேடம் அரத்தை வால்வில் வைத்துத் தேய்த்தார். கோடு தேய்ந்து, அடியில் இரும்பு முழுசாகப் பளபளத்தது. நடுவில் பேச எம்.டி. இல்லை, புனேயும் இல்லை. இன்னொன்று காட்டுங்கள் என்றார் பெரியவர். காட்டினார். இன்னும் ஒன்று. கடைசியில் தாடியைத் தடவிக்கொண்டு, “நல்ல வார்ப்பு. அனுப்புங்கள்” என்றார். மேடம் அரத்தை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தால், தள்ளிக்குந்து நாற்காலியில் இல்லை. மூலையில், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

“அண்ணா, பாஸ் ஆயிடிச்சிண்ணா!”

“வந்த மனுசன எழுந்து நிக்க வெச்சிட்டனேடா” என்றார். திரும்பவில்லை. “என் வண்டில யாரும் நின்னது இல்லடா. எவ்ளோ தூரத்துலருந்து வந்த ஆளு.”

அந்த மனிதர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான். அது எப்படி வைத்துக்கொள்வது என்றே அவருக்குத் தெரியவில்லை. கையைக் கட்டினார், அவிழ்த்தார், விசிலைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டார். நான் அதில் பெரிய அனுபவஸ்தன்.

மேடம் வந்தார். கண் சிவந்திருந்தது. “ஏண்ணா என்னப் போய் எறக்கினீங்க? என் வேலையே பூட்டிருக்கும்ணா!”

“நம்ம பொண்ணாச்சேன்னு எறக்கிட்டம்மா” என்றார். “வெளியாளா இருந்தா தொடுவனா? வெளியாள ஒரு வார்த்த சொல்லுவனா நானு? கஷ்டத்த நம்ம ஆளுங்கிட்டதானே குடுக்க முடியும்? அதான் உரிமையா தள்ளிட்டன். தப்புமா. ரொம்ப தப்பு.”

மேடம் அவரைத் திட்டுவதற்காகத்தான் வந்திருந்தார். அதைக் கேட்டதும் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

நான் அங்கேயே நின்றேன். டிபன் டப்பா, பிடுங்கின நாற்காலி, சொல்லாமல் விட்ட டீ எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. எம்.டி.யைக்கூட மரியாதையாக நகர்த்தியவர் என்னிடம் மட்டும் ஏன் அப்படி இருந்தார் என்று மூன்று வருஷமாக மேஜைக்குக் கீழே உட்கார்ந்து புழுங்கியிருக்கிறேன். பதில் ‘நம்ம ஆளு’ என்று இரண்டே வார்த்தை என்பது தெரியாமல் போயிற்று.

அடுத்த வாரம் அவர் தானாகவே கேட்டு டிரான்ஸ்போர்ட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். யார் சொல்லியும் கேட்கவில்லை. அந்த அறை எனக்கு வந்தது. பெரிய நாற்காலியும் எனக்குத்தான். எம்.டி. என்னை “மிஸ்டர்” போட்டுக் கூப்பிட்டார். ஹெட் ஆபீஸ் மேடம் “ப்ளீஸ்” சொன்னார். அதற்குப் பிறகு அந்த அறையில் என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. எல்லாரும் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை.